குழி பறித்த மகாராணி

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். உடம்பில் ஒரு கீறல் வாங்கியதில்லை. அந்த மனுஷரை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வீட்டை ஒட்டிய பயிற்சி மைதானத்தில் மகாராணி குப்புறத் தள்ளினாள்.

மகாராணி என்பது மாஸ்டரின் மனைவி வைத்த பெயர். எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டுவிட்டு, போட்ட லத்தியை இன்னொருத்தர் வந்து அள்ளட்டும் என்று நிற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அந்த அம்மாளின் கட்சி. எட்டு மாதத்துக்கு முன் ஒரு சவாரிப் பள்ளியை மூடினார்கள். கிழட்டுக் குதிரையை மட்டும் யாரும் சீண்டவில்லை. மாஸ்டர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். லத்தி அள்ளுகிற மண்வெட்டியை என் கையால் தொடமாட்டேன் என்று மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள். இன்றுவரை தொடவும் இல்லை.

விழுந்த மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள், மகாராணி அவருக்குப் பக்கத்திலேயே நின்று முன்னங்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். விடாமல் பறித்தாள். சாண் ஆழத்துக்குக் குழி விழுந்தது.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கண்ணால் பார்த்தவர் யார்? மதில் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. செல்போன் கடை வைத்திருக்கும் மச்சினன் வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினான்.

"மாமா, பழமொழிக்கே உயிர் குடுத்துட்டீங்க."

மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்புறம் அவமானம் பிடுங்கித் தின்ன, வாயில் வந்தபடி அவளைத் திட்டிவிட்டு, கட்டிப்போட்டுவிட்டு, இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.

பதினோரு மணிக்கு வீடியோ எப்படியோ மாட்டு டாக்டர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். உடனே போன் செய்து, கடைசியாக எப்போது லத்தி போட்டது என்று கேட்டார். மாஸ்டர் படுத்தபடியே அதை உரக்கக் கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்று மனைவி சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். கை தொடாவிட்டாலும் மூக்கு தொட்டிருந்தது.

இருபது நிமிஷத்தில் டாக்டர் வந்துவிட்டார். மகாராணியின் வயிற்றில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"வேலை இல்லாம குதிரை குழி பறிக்காதுங்க. வயித்து வலி. வலிக்கிற வயித்துல சேணப் பட்டையை இறுக்கிக் கட்டி, மேல ஏறியும் உக்காந்திருக்கீங்க. தள்ளாம என்ன பண்ணும்?"

குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனதற்கு வெளியே வர ஒரே வழிதான், அந்த வழி அடைத்திருக்கிறது என்றார். ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், நடக்கவைத்துக்கொண்டே இருங்கள் என்றார். இருட்டுவதற்குள் லத்தி வந்தால் பிழைக்க வழி உண்டு.

"வரலைன்னா?" என்றார் மாஸ்டர்.

டாக்டர் கைகழுவிக்கொண்டே அந்தக் குழியைப் பார்த்தார். "அதைத்தான் பெரிசாக்கணும்."

மாணவர்கள் எட்டு போட்டுப் பழகும் அந்த மைதானத்தில் மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டு போட்டார். இடுப்பு வலியில் உயிர் போனது. மச்சினன் மாற்றிவிட வந்தபோது கயிற்றைக் கொடுக்கவில்லை. காலையில் மூன்றரை மணி நேரம் மகாராணி தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்லியிருக்கிறாள். எல்லோர் வாயிலும் பழமொழி தயாராக இருந்ததால் ஒருத்தர் கண்ணும் வேலை செய்யவில்லை. பழமொழி தெரியாத ஆள் ஒருத்தன் அங்கே இருந்திருந்தால், இதுக்கு என்னமோ பண்ணுதே என்று கேட்டிருப்பான்.

மதில் மேல் அதே முகங்கள். வந்துச்சா, வந்துச்சா என்று அரைமணிக்கு ஒரு தடவை கேட்டார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று போன வாரம் சண்டைக்கு வந்தவர்தான் அதிகம் கேட்டார். மாஸ்டர் தலையை ஆட்டக்கூடத் தெம்பில்லாமல் நடந்தார். மகாராணியின் கால் பின்னியது. இரண்டு தடவை முட்டி மடங்கப் பார்த்தாள். தோளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். மூன்றாம் தடவைக்குத் தன்னிடம் தோள் இருக்காது என்று அவருக்குத் தெரிந்தது.

வெளிச்சம் மங்கிய நேரத்தில் கால் இடறி, மாஸ்டர் அதே குழியில் குப்புற விழுந்தார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எழுந்திருக்க அவருக்கும் மனசில்லை. மகாராணி நின்று, குனிந்து, அவர் பிடரியில் சூடாக மூச்சு விட்டாள். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். இன்னொன்று.

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். வெறுங்கையால் அள்ளி, அடுப்பிலிருந்து இறக்கியதைப் போலப் பதமாகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சூடா இருக்குங்க."

மச்சினன் டாக்டருக்குப் போன் செய்தான். இரண்டு உருண்டையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, மிச்சமும் வரணும், விடியும் வரை வாக்குக் கொடுக்க மாட்டேன், நடங்கள் என்றார் அவர். மாஸ்டர் கயிற்றைச் சுற்றிப் பிடித்து மறுபடி நடந்தார். ஒரு எட்டு முடிந்து திரும்பும்போது, மனைவி மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்து அந்தக் குழியை மூடிக்கொண்டிருந்தாள்.