ஆடியில் காய்ச்சிய பால்

ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் மயிலாப்பூரில் எங்களுக்கு வீடே கிடைத்திருக்காது. வேறு யாருக்கு நன்றி சொல்கிறேனோ இல்லையோ, ஆடிக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

திருவான்மியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் வீடு தேடும் படலம் ஆரம்பமானது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மயிலாப்பூரில். மகள் ஆயத் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. என் கணவர் அப்துல் கய்யூம் லஸ் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எங்கள் மூவருக்கும் மயிலாப்பூர் ரொம்ப வசதி. மயிலாப்பூருக்குத்தான் நாங்கள் வசதிப்படவில்லை. 1998ஆம் வருஷம் அது. பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டு வெடித்திருந்தது. வைத்தவன் யாரோ, வாசல் வாசலாக நின்று விழித்தது நாங்கள்.

எல்லா வீட்டிலும் ஒரே நாடகம்தான். உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், டீச்சரா, ரொம்ப சந்தோஷம் என்பார்கள். பிறகு பெயர் கேட்பார்கள். ஷாகிரா என்பேன். உடனே அந்த வீட்டு அமெரிக்கப் பிள்ளை அடுத்த மாதமே குடும்பத்தோடு திரும்பி வரப்போவது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். அந்த வருஷம் வருவதாக இருந்த பிள்ளைகள் எல்லாரும் நிஜமாகவே வந்திருந்தால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க இடம் இருந்திருக்காது.

நான் எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்துகிறவள். மதத்தையோ சாதியையோ பிறந்த இடத்தையோ வைத்து யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்று காலையில் கரும்பலகையில் எழுதுவேன். சாயங்காலம் சாக்பீஸ் தூளைக் கழுவிவிட்டு வீடு பார்க்கப் போவேன். அந்தச் சட்டம் வீட்டுக்காரர்களின் வாசற்படிக்கு வெளியே செருப்போடு நின்றுவிடும் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆயத் கேட்டாள். "ஏம்மா, நம்ம பேரு கெட்ட வார்த்தையா?"

இல்லடா கண்ணு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை இல்லை, ஆத்திரம்.

வழி காட்டியவர் வீட்டு புரோக்கர் ஜவஹர். டி.வி.எஸ். ஃபிப்டியை நிறுத்திவிட்டுச் சாவியைச் சுழற்றியபடி சொன்னார்.

"டீச்சரம்மா, நான் சொல்றத கேளு. ஆடி பொறக்கட்டும். சித்திரக்குளத்தாண்ட ஒரு வூடு ஆனியிலயே காலியாயிட்டுது. ஆடியில ஒருத்தனும் குடி வர மாட்டான். வூட்டுக்கார அம்மா கையப் பிசைஞ்சிக்கினு கீறாங்க. உங்களுக்கு இன்னா, ஆடியா ஆவணியா?"

"எங்களுக்கும் மாசம் எல்லாம் உண்டு ஜவஹர்."

"கீது, யாரு இல்லன்னா? அதுல வூடு மாறலாமா கூடாதா, அத்த சொல்லு."

மாறலாம் என்றேன்.

அந்த வீட்டுக்காரர் விசாலாக்ஷி மாமி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது. மாடியில் தனியாக இருந்தார். கீழ் வீடுதான் வாடகைக்கு. அவருடைய மாடிக் கூடத்தில் மாலை போட்ட கணவர் படம். என் பெயரைக் கேட்டதும் அமெரிக்கப் பிள்ளை யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் தரையைப் பார்த்தபடிதான் பேசினார்.

"தப்பா எடுத்துக்கப்படாது. அண்ணாகிட்ட கேட்டேன். ஆடி முடியற வரைக்கும் இருந்துக்கட்டும்கறார். ஆவணியில வேற மனுஷா வருவா, அவரே பார்த்துண்டிருக்கார். அப்புறம், கவுச்சி ஆகாது."

அண்ணா என்பவர் தி. நகரில் இருக்கும் சுப்பராமன். வீடு மாமியுடையது, வாய் அண்ணாவுடையது என்று புரிந்துகொண்டேன். கோபம் வந்தது. ஆனால் திருவான்மியூர் வீட்டில் ஏற்கனவே ஜன்னல்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். கோபத்துக்குக் கூரை கிடையாதே, ஒப்புக்கொண்டோம்.

"ஒரு மாசம் மூச்சு விடலாம். அதுக்குள்ள வேற பார்த்துடலாம்" என்றார் என் கணவர். அட்டைப் பெட்டிகளைக் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். திரும்பக் கட்டுகிற வேலை மிச்சம்.

"போனவுடனே பாலு காய்ச்சிடுங்க. இந்தப் பக்கம் அத்தல்லாம் பாப்பாங்க" என்று ஜவஹர் சொல்லியிருந்தார். நல்ல பெயர் வாங்குவதில் நான் விடுவேனா? புது எவர்சில்வர் பாத்திரம் வாங்கினேன். ஸ்டவ்வைத் துடைத்து வைத்தேன். ஆடியில் பால் காய்ச்சும் குடும்பத்தைப் பார்க்க எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் மாடிக்குப் போய் மாமியை அழைத்து வந்து, தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே பத்த வைங்க மாமி. இந்த வீட்டுக்குப் பெரியவங்க நீங்கதானே."

மாமி தீப்பெட்டியைப் பார்த்தார். "நானா?" என்றார். பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தார்.

"நீங்கதான்."

முதல் குச்சி உடைந்தது. அடுத்தது பற்றிக்கொண்டது. பால் சூடாகி, ஆடை கட்டி, பொங்கி வழிகிற வரைக்கும் மாமி அடுப்பை விட்டு நகரவில்லை. ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டார்.

சரிதான், நம் கையால் குடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பாலை நானே குடித்தேன், கோபத்தோடு.

மறுநாள் நடந்ததைச் சொன்னபோது ஜவஹர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா டீச்சரம்மா இப்பிடிப் பண்ணிட்டீங்க! அந்தம்மாவுக்குப் புருசன் இல்ல. பாலு காய்ச்சறது, கல்யாணம், வளைகாப்பு, எதுக்கும் எதுருலயே வர மாட்டாங்க. வுட மாட்டாங்க. நீங்க அவங்க கையிலயே தீப்பெட்டியக் குட்த்துட்டீங்களே!"

மாலை போட்ட படத்தை நானும்தான் பார்த்தேன். ஆனால் அதற்கும் அடுப்புக்கும் முடிச்சுப் போட என் புத்திக்குத் தோன்றவில்லை. என் மாமியார் கமர் ஜஹானும் கணவரை இழந்தவர்தான். எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவர் கை படாமல் தொடங்கியதில்லை. அந்த நினைப்பிலேயே கூப்பிட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது? நீங்கள் விதவை என்பதை மறந்து கூப்பிட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று போய் நிற்க முடியுமா? அது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற கதை. வாயை மூடிக்கொண்டேன்.

மாதம் ஓடியது. மாமி ஆயத்தோடு மட்டும் பேசுவார். என்னைக் கண்டால் தலையை அசைத்துவிட்டு மாடியேறிவிடுவார். நான் வெங்காயம் வதக்கவே பயந்தேன். என் கணவர் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் திருவல்லிக்கேணியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவார். அவர் சட்டையைக் கழற்றி வாளியில் முக்கிய பிறகுதான் கூடத்துக்குள் விடுவேன். பெட்டிகள் கட்டியது கட்டியபடி இருந்தன. ஆயத்தின் பொம்மைகூட ஏதோ ஒரு பெட்டியின் அடியில்தான் கிடந்தது. அடையாறு, கோட்டூர்புரம், கோடம்பாக்கம் என்று சுற்றியும் வேறு வீடு அமையவில்லை. ஆவணி பிறந்தால் எங்கே போவது என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடியின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. சுப்பராமன், தன் ஆபீஸ் நண்பர் பரத்வாஜையும் அவர் மனைவியையும் வீடு காட்ட அழைத்து வந்தார். என் கணவர் அப்போதும் எங்கோ வீடு தேடித்தான் போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பரத்வாஜ் மனைவி நேராகச் சமையலறைக்குப் போனார்.

"சுத்தமாத்தான் வெச்சிண்டிருக்கா" என்றார், ஆச்சரியத்தோடு. "இருந்தாலும் ஆத்தை முழுக்க வெள்ளையடிச்சு, புண்ணியாவசனம் பண்ணாம நாங்க வர முடியாது. இவா இருந்துட்டுப் போன இடமோல்லியோ."

"நான் இங்கதான் நிக்கறேன்" என்றேன். "எனக்குத் தமிழும் தெரியும்."

"ஐயோ, உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொன்னால் யாருக்கும் வலிக்காது என்று இவர்களுக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ. மேற்கொண்டு பேசினால் வெடித்துவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா சுப்பராமன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்காத அளவுக்கு அது ஒன்றும் தாழவில்லை.

"இன்னொண்ணு. நாங்க பால் காய்ச்சறச்சே உங்க தங்கை மாடியிலேயே இருந்துட்டா தேவலை. முதமுதல்ல எதிர்ல வந்துடப்படாது பாருங்கோ. தப்பா நினைச்சுக்காதேங்கோ."

"அதெல்லாம் சொல்லவே வேண்டாம்" என்றார் சுப்பராமன். "விசாலத்துக்கே தெரியும். அவ வர மாட்டா."

வாசலில் டம்ளர் ஆடும் சத்தம் கேட்டது. வந்தவர்களுக்குக் காபி கலந்து தட்டில் எடுத்துக்கொண்டு மாமி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாமே கேட்டிருந்தது. தட்டை எங்கள் அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் வைத்தார்.

"அண்ணா, வீடு காலியா இல்லை."

"என்னடி உளர்றே? இவாதான் நாளைக்குப் போறாளே."

"போகலை. இந்த ஆத்துல பால் காய்ச்சியாச்சு. நான்தான் காய்ச்சினேன். இவ கூப்பிட்டா, வந்து அடுப்பைப் பத்த வெச்சேன்."

"நீயா?"

"நான்தான். இடிஞ்சா விழுந்துடுத்து?"

சுப்பராமன் என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "விசாலம், நாலு பேர் என்ன சொல்லுவா?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தராவது, அவர் போனப்புறம், ஒரு நல்ல காரியத்துக்கு என்னை முன்னால கூப்பிட்டாளா? நீயே கூப்பிடலையே அண்ணா. உன் பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டறச்சே நான் சமையல்கட்டுல காய் நறுக்கிண்டிருந்தேன். மேளச் சத்தத்தை வெச்சுத்தான் தாலி ஏறிடுத்துன்னு தெரிஞ்சிண்டேன்." மாமியின் குரல் உயரவே இல்லை. பரத்வாஜ் மனைவியிடம் திரும்பி, "காபி எடுத்துக்கோங்கோ, ஆறிடும்" என்றார்.

யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுப்பராமன் மட்டும் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சந்தோஷப்படலாமா என்றே தெரியவில்லை. கேட்டுவிடுவது என்று துணிந்தேன்.

"மாமி, கோபத்துல சொன்னதா இருந்தா வேணாம். நாளைக்குக் கோபம் தணிஞ்சு நீங்க மனசு மாறினா எங்களால தாங்க முடியாது."

"கோபம்தான்" என்றார் மாமி. "ஆனா இன்னிக்கு வந்த கோபம் இல்லையே, நாளைக்குத் தணியறதுக்கு."

பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஒண்ணு சொல்லு. அன்னிக்கு என்னை ஏன் கூப்பிட்டே?"

"உங்க வழக்கம் தெரியாமத்தான் மாமி."

"தெரிஞ்சிருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. "தெரிஞ்சிருந்தா, உங்க மனசு கஷ்டப்படுமேன்னு கூப்பிட்டிருக்க மாட்டேன்."

மாமி சிரித்தார். "அப்படித்தாண்டி எல்லாரும் ஒதுக்கறா. என் மனசு கஷ்டப்படுமேன்னு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு உன் பாலைக் குடிக்காம ஓடினேனே, உன் எதிர்ல அழப்படாதுன்னுதான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கவுச்சி விஷயத்தையும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாமி முகத்தைச் சுளித்தார்.

"எனக்குக் குமட்டும். அதுக்கு நான் என் ஜன்னலைச் சாத்திக்கறேன். உன் அடுப்புல உனக்கு வேணுங்கறதைப் பண்ணிக்கோ."

என் கணவர் வியர்த்து விறுவிறுத்து வந்து, வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினார். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆயத் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எல்லாக் கயித்தையும் அவுக்கலாமாம்மா?"

"எல்லாத்தையும்."

முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. மாமி மாடிக்குப் போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். ஆயத் பொம்மைக்காக ஒரு பெட்டி விடாமல் குடைந்து கூடத்தையே சந்தைக்கடை ஆக்கினாள். நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனபோது மாமி என்னைத் தோளால் தள்ளிவிட்டுத் தீப்பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டார். பால் பொங்கியது. இந்த முறை டம்ளரை வாங்கி, பெட்டி மேலேயே உட்கார்ந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சர்க்கரை அதிகம் என்று குறை வேறு சொன்னார். வீட்டுக்காரர் குறை சொன்னால் பொதுவாக எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அதைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.