வியாழனுக்கு ஒரு பெயர்ப்பலகை

கண்டி விண்ணோக்கர் பேரவையில் ஆட்களைவிடப் பதவிகள் அதிகம். தலைவர், போஷகர், ஆயுட்கால ஆலோசகர் மூன்றும் கட்டுகஸ்தோட்டை இரும்புக்கடை இராமநாதன். தொலைநோக்கியும் மொட்டைமாடியும் அவருடையவை.

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் கருவி மட்டும் பேரவையின் இளைய உறுப்பினர் சுகிர்தா செய்தது. செத்த பிரிண்டரின் மோட்டார், சின்னதொரு சர்க்யூட் பலகை, யாரோ இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் போட்டுவைத்த வரைபடம். ஒரு வருட மாலைப்பொழுதுகள் அதில் போயிருந்தன. பூமி சுற்றச் சுற்ற அது எதிர்ப்பக்கம் திரும்பி, கோளைக் கண்ணுக்குள் நிறுத்தும். அதற்கு அச்சு சரியாக வடக்கைப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரமோ மலைக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. ஆகவே திசைகாட்டிதான் துணை.

மாசி மாதத்து அந்தியில் திறப்பு விழா. கருவிக்கு முன்னால் மஞ்சள் திரை. விழா முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்பது தலைவர் கட்டளை. சுகிர்தா பக்கவாட்டில் நின்றே திசைகாட்டியைப் பார்த்து வடக்கை வைத்திருந்தாள்.

"இன்னைக்குச் சரிவரலன்னா கொழும்புல ரெடிமேடா ஒண்ணு எடுத்துடுவோம், பிள்ள. ஒங்க சாமான் அலுமாரிக்குப் போகட்டும்" என்றபடி இராமநாதன் கயிற்றை இழுத்தார்.

திரை விலகியது. கருவி தெரியவில்லை. 'இராமநாதன் விண்தொடரி' என்று மூன்று மொழியில் எழுதிய இரும்புப் பலகையும், அதில் மாலை போட்ட அவர் படமும்தான் தெரிந்தன.

மடவளையில் போன் திருத்தும் ஹபீல் சுகிர்தாவின் காதில், "மாலையைக் கண்டதும் ஆளு மவுத்தோன்னு பயந்துட்டன்" என்றான்.

சுகிர்தா தொலைநோக்கியைத் திருப்பியதும் வியாழன் கண்ணுக்குள் வந்தது. சற்று நேரத்தில் ஓரமாக நழுவி மறைந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது.

"நான் அப்பவே சொன்னேனே" என்று எதையும் முன்பு சொல்லியிராத இராமநாதன் சொன்னார்.

ஹபீல் திசைகாட்டியைக் குனிந்து பார்த்தான். "தங்கச்சி, இப்பதான் மஃரிப் தொழுதிட்டு வாறன். இந்த முள்ளை நம்பித் தொழுதா மக்காவைப் பாக்குற எங்கட கிப்லா ஆபிரிக்காவுக்குப் போயிடும்."

சுகிர்தா நிமிர்ந்தாள். "சேர், இந்தப் பலகைய எப்படி ஒட்டினீங்க?"

"நீங்கதானே ஓட்டை போட வேணாம்னீங்க? பழைய ஸ்பீக்கர் காந்தம், நாலு!" என்றார் பெருமையாக.

காந்தம் முள்ளை இழுக்க, வடக்கு தலைவர் பக்கம் சாய்ந்திருந்தது. பலகையைக் கழற்றச் சொன்னாள் சுகிர்தா.

"பேரில்லாமத் திறப்பு விழாவா?"

"பேரு இருக்கட்டும் சேர். தூரத்துல இருக்கட்டும்."

பலகையை அணைத்தபடி அவர் தண்ணீர்த் தாங்கி மூலையில் போய் நின்றார். முள் மெல்லத் திரும்பி அடங்கியது. சுகிர்தா அச்சை மாற்றி வைத்தாள். வியாழன் வந்தது, நின்றது. பக்கத்தில் நான்கு நிலாக்கள் வரிசையாக. வந்தவர்கள் மாறிமாறிக் கண் வைத்தார்கள்.

"இருக்கா?" மூலையிலிருந்து குரல்.

"இருக்கு சேர்."

"இன்னுமா?"

"அசையல்ல, தலைவரே" என்றான் ஹபீல்.

பலகையோடு இரண்டடி வைத்தவர், சுகிர்தாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். வடக்கை வைத்து இறுக்கியபின் காந்தம் வந்தால் ஒன்றும் ஆகாது. அவளுக்கு அது தெரியும். சொல்லவில்லை.

இராமநாதன் பலகையைத் தண்ணீர்த் தாங்கிக்கு அடியில், ஈரத்தில், கவிழ்த்து வைத்துவிட்டு வந்து குனிந்தார். வெகுநேரம் எழவில்லை. பின்னால் வரிசை முனகியது.

"பிள்ள, இந்த நாலு புள்ளியும் இப்படியேதான் நிக்குமா?"

"நாளைக்கு எடம் மாறியிருக்கும் சேர்."

"எப்படி மாறும்?"

"பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப ஒங்க சாமான் இங்கயே நிக்கட்டும்" என்றார், கண்ணை எடுக்காமல்.