இரண்டு அறைக்கு ஒரு ஏசி

சமரச மையம் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணி எனக்கு நடுச்சாமம் மாதிரி. ஆஸ்பத்திரி லாண்டரியில் ஒன்பது வருஷமாக இரவு வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். உருளைகள் போடும் சத்தம் காலையில் காதோடு வீட்டுக்கு வரும். எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுவேன். அன்று படுக்காமலே வந்தேன்.

வராந்தா பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் அண்ணன். நாலு மாதமாக அவளும் மகளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

"என்ன மாப்ள, வெயில்ல வந்துட்டீங்க. உடம்புல எதுவும் கருகலையே?"

"கருகியிருந்தா உங்க தங்கச்சிக்கு அலைச்சல் மிச்சம்."

"வாய் மட்டும் நல்லா முழிச்சிருக்கு."

அவர் பக்கத்தில் பூனை. என் மகள், ஒன்பது வயது. பூனை என்பது நான் வைத்த பெயர். நடந்தால் சத்தம் வராது. எப்போது வந்தாள், எப்போது எழுந்து போனாள் என்று தெரியாது. லாண்டரியில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகள் போடும் கூத்தைச் சொல்லிப் புலம்பும்போது நான் பெருமை அடித்துக்கொள்வேன். என் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது என்பேன்.

அவள் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். பெஞ்சுகூட முனகவில்லை.

"தூங்கலையாப்பா?" என்றாள், காதுக்குள் சொல்வது போல.

"அப்புறம் தூங்கிக்கலாம்."

என் மனைவி ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். இது மூன்றாவது அமர்வு. சாமான்கள், வாடகை வீடு எல்லாம் முதல் இரண்டிலேயே முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது பூனை மட்டும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்னோடு இருக்க வேண்டும் என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கட்டும் என்றாள் அவள்.

எங்களுக்குச் சமரசம் பேசுகிற மேடம், டெலிபோன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் புகார் பிரிவில் இருந்தவர். கெட்ட வார்த்தையை வாங்கி நல்ல வார்த்தையாகத் திருப்பிக் கொடுத்துப் பழகியவர். கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்கார வைக்க மாட்டார். ஆளுக்கு ஒரு அறை. இவர் நடுவில் நடப்பார்.

"இந்த ரூம்ல சொல்றது இந்த ரூமோட இருக்கும். நீங்க சொல்லச் சொன்னாத்தான் அங்க போகும்" என்று முதல் நாளே சொன்னார். "கோர்ட்டுக்குப் போனீங்கன்னா உங்க பொண்ணு ஓட்டுப் போடற வயசு வந்துடும், தீர்ப்பு வராது. இங்க மூணு நாள்ல முடிஞ்சுடும்."

அறைகள் என்று பேருக்குத்தான். பெரிய அறை ஒன்றை பிளைவுட் அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். ஏசி ஒன்றுதான். அதன் காற்று இரண்டு பக்கமும் போக வேண்டும் என்று தடுப்பைக் கூரை வரை கொண்டுபோகாமல் ஒரு சாண் விட்டிருந்தார்கள். ஏசி ஓடும்போது ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தொம்மென்று நிற்கும். அப்போது அந்தப் பக்கம் பேனா மூடி கழற்றுவதுகூடக் கேட்கும். மேடம் வருஷக்கணக்காக அந்த இரைச்சலிலேயே இருந்ததால் அது நிற்பதைக் கவனிப்பதில்லை. எந்திரம் நின்றால் தலை நிமிர்வது என் தொழில்.

அன்று நான் ஒரு கடிதம் கொண்டுபோயிருந்தேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எனக்குப் பகல் ஷிஃப்ட் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டது. மேடம் அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். ஏசி நின்றது.

"ஆறு வருஷமா தொண்டை கிழியக் கேட்டேன் மேடம்." அவள் குரல். "பகல் வேலை கிடைக்கவே கிடைக்காதுன்னார். என்கிட்டேருந்து பிள்ளையைப் பிடுங்க ரெண்டே நாள்ல கிடைச்சிருக்கு பாருங்க."

மேடம் திரும்பி வந்தார்.

"உங்க முயற்சியை அவங்க கவனிச்சிருக்காங்க."

"பாராட்டினாளா?"

"பாராட்டின மாதிரிதான்."

எனக்கு எரிந்தது. "அவங்க அண்ணன் வீட்டுல ரெண்டு ரூமுக்கு ஏழு பேர். டிவி நிக்காது. அந்தச் சந்தைக்கடையில என் பொண்ணு எந்த மூலையில உக்காந்து படிப்பா? அதைக் கேளுங்க."

மேடம் போனார். ஏசி இன்னொரு முறை நிற்கும்வரை காத்திருந்தேன்.

"...படிப்பு விஷயத்துல அவருக்கு அக்கறை இருக்கு, அவ்வளவுதான்."

"சந்தைக்கடைன்னு சொல்லியிருப்பாரே."

பேனா மூடி கழற்றும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன். இது இந்த ரூமோட இருக்கணும். அவர் தூங்கற நேரம் எங்க வீட்டுல குழாய் திறக்கக் கூடாது. அவ செருப்பைக் கையில எடுத்துட்டுத்தான் நடப்பா. இருமல் வந்தா தலகாணியில வாயை அமுக்கிக்குவா. நான்தான் பழக்கினேன். நாலு வயசுல ஒரு டம்ளரைக் கீழ போட்டுட்டா. இவர் எழுந்து வந்தார். அவளைத் தொடல. ஸ்டூலைத் தூக்கி சுவத்துல அடிச்சிட்டு மறுபடி போய்ப் படுத்துட்டார். அன்னியிலேருந்து இவ அப்படித்தான். அதுக்குப் பூனைன்னு பேரு வச்சு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்."

ஸ்டூல் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு கால் உடைந்தது. மறுநாள் நானே ஆணி அடித்துச் சரி செய்தேன். அந்த விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கழிச்சு, பாத்ரூம்ல யாரோ பாடற சத்தம். அண்ணன் பொண்ணுன்னு நெனச்சேன். கதவைத் திறந்துட்டு இவ வர்றா. பெத்தவளுக்கே குரல் தெரியல மேடம். இப்பக் கத்தினா தெருமுனைக்குக் கேக்குது. போன வாரம் கேட்டா, 'அப்பாவோட இருக்கறப்ப இருமலாமாம்மா'ன்னு."

"இதை நான் அவர்கிட்ட சொல்லலாமா?"

"வேண்டாம். நான் சொல்லிக் குடுத்ததும்பார். விடுங்க, கோர்ட்டுக்கு அலையத் தெம்பு இல்ல. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்னே எழுதிக்கங்க. மறுபடியும் பழக்கி அனுப்புறேன்."

ஏசி ஓட ஆரம்பித்தது. மேடம் சிரித்த முகமாக வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நல்ல செய்தி சார். நீங்க கேட்டதுக்கே சம்மதிச்சுட்டாங்க."

"வேற என்ன சொன்னா?"

"சும்மாதான். குழந்தை கொஞ்சம் அமைதியான டைப், பழகறதுக்கு நாளாகும்னாங்க."

உருளைச் சத்தம் காதில் இருந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும்னு எழுதுங்க" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன சார் இது? லெட்டரெல்லாம் வாங்கிட்டு வந்தீங்க. காரணம் என்னன்னு சொல்றது?"

"காரணம் இந்த ரூமோட இருக்கட்டும்."

"என்கிட்டயே நீங்க சொல்லலையே."

"அதான்."

தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்து அறையில் ஒரு பிள்ளை இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான்.

மேடம் அந்தப் பக்கம் போனார். ஏசி நின்றது.

"அவருக்கு வேலைப் பளு ஜாஸ்தியாம். ஞாயித்துக்கிழமைதான் முடியும்கிறார்."

அவள் சிரித்தாள்.

"தெரியும் மேடம். சண்டை போட்டு ஜெயிக்கணும், அவ்வளவுதான் அவருக்கு. கைக்கு வந்ததும் வேண்டாம்."

"குழந்தைகிட்ட எப்படிச் சொல்வீங்க?"

"உள்ளதைச் சொல்றேன். அப்பாவுக்கு நேரமில்லையாம்னு."

எழுந்து நின்றால் தடுப்பின் விளிம்பு என் தலைக்கு மேலே ஒரு முழம்தான். ஒரு சத்தம் போட்டால் போதும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேகூட விட்டேன். நான் கத்தினால் வராந்தாவுக்கும் கேட்கும். மறுபடியும் உட்கார்ந்தேன்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். நான் தனியாகக் கையெழுத்துப் போட்டேன், அவள் தனியாகப் போட்டாள். மேடம் என் கடிதத்தைத் திருப்பித் தந்து, "இவ்வளவு சுமுகமா முடிஞ்ச கேஸ் இந்த வருஷம் இதுதான்" என்றார்.

வெளியே வந்தபோது அவர்கள் மூவரும் படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தார்கள். இரும்புப் படிக்கட்டு. பூனை என்னைப் பார்த்ததும் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ. அப்பா முழிச்சுதானே இருக்கேன்" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"வாடி, அப்பாவுக்கு வேலை இருக்கும்" என்றாள் என் மனைவி, என் பக்கம் திரும்பாமல்.

மச்சான் மட்டும் நின்றார். "ஞாயித்துக்கிழமையாவது முழிச்சிருப்பீங்களா மாப்ள?"

அவரும் இறங்கினார். இரண்டு பேர் இறங்கும் சத்தம்தான் கேட்டது. கீழே கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள். பிறகு ஒரு பெண் பிள்ளையின் குரல், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி:

"மாமா, முன் சீட்டு எனக்கு. போன தடவையே சொல்லிட்டேன்."

யார் வீட்டுப் பிள்ளை இப்படிக் கத்துகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.