நெற்றியில் போட்ட சிலுவை

சூசை மேரி திங்கட்கிழமை திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்கும் வியாழக்கிழமை விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஏறிப் போவாள். பிரசவ வார்டில் கட்டில் கட்டிலாக நின்று, மாதா கோயில் தீர்த்தத்தில் விரல் நனைத்து, பச்சைக் குழந்தைகளின் நெற்றியில் சிலுவை போடுவாள். எந்த மதத்துத் தாயும் வேண்டாம் என்றதில்லை. பிள்ளையில்லாத அவள் அந்த இரண்டு நாட்களுக்காகவே உயிரோடு இருந்தாள்.

இரண்டு ஊரிலும் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஒரே கிருமி வந்தது. திண்டிவனத்தில் ஒரு குழந்தை இறந்தும் போனது. இரு ஆஸ்பத்திரிகளும் தங்கள் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிவிட்டு, வெளியே சொன்னால் பெயர் கெடும் என்று வாயை மூடிக்கொண்டன. மாவட்டச் சுகாதாரத் துறையார் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்த பிறகுதான், இரண்டு வார்டுக்கும் பொதுவாக ஒருத்தி வந்துபோவது தெரிந்தது. தீர்த்த பாட்டிலைப் பரிசோதனைக்கு வாங்கிப் போனார்கள்.

"அதுலதான் இருக்குதுங்க அத்தை," என்றாள் விழுப்புரத்து நர்ஸ் எலிசா. இருவரும் ஒரே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். "மாசக்கணக்கா அதே பாட்டில்ல ஊத்திக்கினு இருந்தீங்க இல்ல?"

"மாதா தண்ணிடி அது."

"மாதாவா வந்து பாட்டில் கழுவுவாங்க?"

"திண்டிவனத்துல போச்சே, அந்தக் கொழந்த. என் கையாலயா?"

எலிசா தலை குனிந்தாள். "ரெண்டு ஆஸ்பத்திரியும் முன்னயே பேசிக்கினு இருந்தா அப்பவே நிறுத்தியிருக்கலாம். பாவம் உங்களுது மட்டும் இல்லைங்க."

அங்கேயே தீவிர சிகிச்சை அறை வாசலில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்த பிரபாவதி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகனுக்கு அதே கிருமி. சூசை மேரியைக் கண்டதும் எழுந்தாள். "வந்துட்டீங்களாம்மா. உள்ள போயி ஒரு தரம் தொட்டு வேண்டிட்டு வாங்க."

"தண்ணி விஷயத்த டாக்டர் சொல்லிக்குவாரு, நீங்க கிளம்புங்க," என்று எலிசா காதோரம் சொன்னாள்.

சூசை மேரி கிளம்பவில்லை. ஜெபம் சொல்லும் வாயால் ஒரு தாயை எப்படி ஏமாற்றுவது?

"என் தண்ணியிலதான் கிருமி இருந்துச்சுன்னு சொல்றாங்கம்மா. நான்தான் அத உம்புள்ளை நெத்தியில போட்டேன்."

பிரபாவதி அவள் விரல்களைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான்தான் இன்னொரு தரம் போடுங்கன்னு கேட்டேன்," என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சூசை மேரி உட்காரவும் துணியாமல், போகவும் முடியாமல் சுவரோரம் நின்றாள். அழுது ஓய்ந்த பிரபாவதி பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. தொடாம வேண்டினா உங்க மாதா கேக்க மாட்டாங்களா?"

சூசை மேரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினாள்.