இடது கை ஆக்டோபஸ்

"இதை யார் பின்னினாங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. என் வாய்க்கு என்னைக் கேட்டுத் திறக்கிற வழக்கம் கிடையாது, அவ்வளவுதான். அலுவலகத்தில் நான் பயிற்சிப் பிரிவின் தலைவன். அடுத்தவர் செய்த வேலையை நின்று விளக்கியே சம்பளம் வாங்குகிறவன். பழக்க தோஷம்.

தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் படுத்திருந்தவள், மூக்கில் போட்டிருந்த பால் குழாயைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். மூன்று முறை மறுபடி போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் தங்கை வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றாள். நூலில் பின்னிய ஆக்டோபஸ் பொம்மையைப் பக்கத்தில் வைத்தால், சில குழந்தைகள் குழாயை விட்டுவிட்டு அதன் காலைப் பிடித்துக்கொள்ளும் என்றார் நர்ஸ்.

என் மனைவி காய்ச்சலோடு உட்கார்ந்து இரண்டே நாளில் குரோஷே ஊசியால் பின்னி முடித்தாள். காய்ச்சல்காரர்களை அந்த வார்டுப் பக்கமே விடமாட்டார்கள் என்பதால், கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பொம்மையில் என் பங்கு ஓர் ஆலோசனை: நீல நிறம் கம்பீரமாக இருக்கும். அவள் மஞ்சளில் பின்னினாள்.

வாசல் பெஞ்சில் தங்கையின் மாமியார் இருந்தார். "உங்க அண்ணன் போடுற வாய்ப்பந்தல்ல நூறு பேர் உக்காரலாம்" என்று தங்கையிடம் என் காதுபடவே சொன்னவர். அவர் முன்னால்தான் அந்த 'நான்தான்' விழுந்தது. அதோடு நின்றதா? "ஆம்பளைங்க பின்னி நான் பாத்ததே இல்ல சார்" என்று நர்ஸ் வியந்ததும், கைகளுக்கு ஆண் என்றும் பெண் என்றும் பேதம் இல்லை, மனதை ஒருமுகப்படுத்தினால் நூல் தானாக வரும் என்று ஐந்து நிமிடம் பேசினேன். நல்ல பேச்சு. பக்கத்தில் இருந்த இரண்டு அப்பாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நர்ஸ் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு காலையும் இழுத்து அளந்தார். ஏழு தேறின. எட்டாவது இரண்டு விரற்கடை அதிகம்.

"நீளமா இருந்தா கழுத்துல சுத்திக்கும் சார். இதை மட்டும் குறைச்சுக் குடுங்க. பதினோரு மணிக்கு சலவை வண்டி வந்துடும். அதுல போனா சாயங்காலமே உள்ள வெச்சிடலாம். விட்டா திங்கட்கிழமைதான்."

அன்று சனிக்கிழமை. மணி பத்தரை. எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி பையில் ஊசியையும் போட்டிருந்தாள். எடுத்தேன்.

மாமியார் பொம்மையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கண்ணியெல்லாம் எதிர்ப்பக்கமா சாயுதே. இடது கைக்காரங்க பின்னினாத்தானே இப்படி வரும்?"

ஊசி என் வலது கையில் இருந்தது.

"எனக்கு ரெண்டு கையும் வரும்மா."

"அப்படியா" என்றார். பொம்மையை என் மடியில் வைத்தார்.

ஊசியை இடது கைக்கு மாற்றி, கடைசி முடிச்சை வெட்டி நூலை இழுத்தேன். சரசரவென்று வந்தது. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. தலையில் தொடங்கி எட்டாவது கால்வரை எல்லாமே ஒரே நூல் என்பது எனக்குத் தெரியாது. எட்டாவது கால் போயிற்று. எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டே இழுத்ததில் ஏழாவதும் போயிற்று.

கதவு திறந்தது. தங்கை. "அண்ணா, குடுத்துட்டியா? மறுபடியும் இழுத்துட்டா."

என் மடியில் மஞ்சள் நூல் குவிந்து கிடந்தது.

"குடுங்க இப்படி" என்று மாமியார் ஊசியைப் பிடுங்கிக்கொண்டார். "ஒரு கண்ணிக்குள்ள எத்தனை பின்னல் போட்டீங்க? கால் சுருள் சுருளா வர்றது அதுலதான் இருக்கு."

மிச்சம் ஆறு கால்கள் கண்முன்னால் இருந்தன, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அவர் என்னைத்தான் கேட்டார்.

"நாலு" என்றேன்.

நாலு நாலாகப் போட்டார். இரண்டு அங்குலம் வந்ததும் தூக்கிக் காட்டினார். "இது காலா, பாவாடைக் கொசுவமா?"

மணி பத்தே முக்கால். தங்கை பொம்மையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பின்னல" என்றேன். "உன் அண்ணி பின்னினா."

யாராவது சிரித்திருந்தால் தேவலை. நர்ஸ் ஸ்கேலைத் துடைக்கத் தொடங்கினார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்கேலை. அந்த இரண்டு அப்பாக்களும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"போனைப் போடுங்க" என்றார் மாமியார்.

ஸ்பீக்கரில் மனைவியின் அடைத்த குரல் வந்தது. "ரெண்டுதாம்மா. நீங்க வலது கைன்னா சுருள் மாறி விழும், அதனால ஒண்ணும் இல்ல. ஆமா, அவரு எதுக்கு அதைப் பிரிச்சாரு?"

மாமியார் என்னை ஒருமுறை பார்த்தார். "கை தவறிடுச்சும்மா" என்றார்.

திட்டியிருக்கலாம்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தபோது எட்டுக் கால்களும் இருந்தன, நர்ஸ் அளந்ததில் எட்டும் தேறின.

சாயங்காலம் ஐந்தரைக்கு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "காலைப் புடிச்சுக்கிட்டா! பின்னினவங்க ஒருத்தர் மட்டும் வந்து பாருங்க."

என் உடம்பு பாதி எழுந்துவிட்டது. நர்ஸின் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று. மாமியார் செருப்பைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நான் உட்கார்ந்தேன்.

மனைவி போன் செய்தாள். "புடிச்சுக்கிட்டாளாமே! எந்தக் காலை? இறுக்கமாவா?"

"பாக்கல. தங்கச்சி மாமியார் உள்ள போயிருக்காங்க, வெளிய வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"நீங்க ஏன் உள்ள போகல?"

இருமிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள். பெஞ்சில் அந்த இரண்டு அப்பாக்களும் இன்னும் இருந்தார்கள். எழுந்து தள்ளிப் போய்ப் பேசாமல், அங்கேயே உட்கார்ந்து, காலையில் நர்ஸ் கேட்ட கேள்வியிலிருந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.