ஒப்பீட்டுக்கு ஓர் அபிதகுஜாம்பாள்

"அண்ணி உள்ள போயாச்சா?"

வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஹேமநாத் கேட்டான். மரியாதையான கேள்விதான். அண்ணி என்ற சொல்லில் அவன் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. ஜோதிலட்சுமி தோளில் பையோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி, சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். போயாச்சு, நீ கிளம்பு என்று மாமியார் ஞானம்மாள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். வண்டி உறுமியது. அப்பாடா என்று ஜோதி ஒரு காலை எடுத்து வைத்தாள். வண்டி நின்றது. ஆபீஸ் அட்டையை மறந்துவிட்டானாம். திரும்பி வந்தவன் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும், அதுவும் சாஸ்திரம். ஜோதி மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனாள். மெயின் ரோட்டில் தாம்பரம் பஸ் போகும் சத்தம் கேட்டது.

ஜோதியின் கணவனை மாரடைப்பு கொண்டுபோன நாளிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்து அந்த வீட்டில் காலை வேளை இப்படித்தான். கிளம்புகிறவன் எதிரே தாலி இழந்தவள் வரக்கூடாது. ஞானம்மாள் கழுத்திலும் தாலி இல்லைதான். ஆனால் பெற்றவள் முகத்துக்கு தோஷம் கிடையாது என்று ஒரு விலக்கு உண்டு. இந்த விதியை எழுதியவன் அம்மா கையால் டிபன் சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருப்பான்.

ஜோதி தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துவந்தாள். முடித்தால் சேலையூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முடிக்க வேண்டுமே. காலையில் முதல் வகுப்பு ஆய்வு முறைகள். அதை நடத்திய சாமுண்டீஸ்வரி மேடத்துக்குப் பெயருக்கேற்ற கண். தாமதமாக வந்தால் வருகை கிடையாது. இனியும் குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். ஏன் தாமதம் என்றதற்கு ஜோதி ஃப்ரிட்ஜ் கதையைச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"இத ஏம்மா சாக்கா சொல்ற? இது ஒரு ஹைப்பாதிஸிஸ். டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

மற்றவர்கள் செய்முறை ஆய்வுக்குப் பால் பாக்கெட்டையும் ஆன்லைன் புடவையையும் எடுத்துக்கொண்டார்கள். ஜோதி தன் முகத்தை எடுத்துக்கொண்டாள். அது மட்டும் போதாது, ஒப்பிட இன்னொரு முகம் வேண்டும், எந்த நாளில் எந்த முகம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மேடம் திருத்தினார்.

வீட்டில் சொன்னபோது ஞானம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். ஹேமநாத் பொத்திக்கொள்ளவில்லை. கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் புள்ளிவிவரம் அலசுகிறவன் அவன்.

"நான் சாப்பிடறதே டேட்டா போடற சோறு, அண்ணி. வித்தியாசம் இல்லன்னு வந்தா, நீங்க எப்ப வேணா வாசல் வழியா போங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

இன்னொரு முகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் அந்தத் தெருவின் ஆஸ்தான சகுனம். காலணா அகலக் குங்குமம், தலை நிறையப் பூ. இண்டர்வியூ என்றாலும் பெண் பார்க்கப் போவதென்றாலும் அவள் வீட்டு மணியைத்தான் அழுத்துவார்கள். பாதி பின்னிய சடையோடு அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு எதிரே நடந்து வருவாள். தன் மனைவியின் முகராசியைப் பற்றி அவள் கணவர் கிட்டு, கேட்காதவர்களிடமும் சொல்வார்.

ஆய்வு தொடங்கியது. ஜோதி எதிரே நின்ற முதல் நாள் ஹேமநாத் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான், கேட்டில் முட்டிக்கொண்டான். அதை அண்ணி கணக்கில் சேர்க்கச் சொன்னான். கண்ணை மூடிவிட்டால் எதிரே யாருமே இல்லை என்றுதான் பொருள், சேர்க்க முடியாது என்றாள் ஜோதி. இன்னொரு நாள் அவள் முகத்தில் விழித்துப் போனவனை மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அது அம்மாவின் வேண்டுதல் என்றான். அபிதகுஜாம்பாள் எதிரே வந்த நாளில் மேடவாக்கத்தில் டயர் பஞ்சர். அது ரோட்டின் கோளாறு என்றான். அவள் நாளில் ரோடு என்றால் என் நாளிலும் ரோடுதான் என்று ஜோதி விடாமல் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் கூடத்தில் உட்காரவைத்து முடிவைச் சொன்னாள். நல்லதும் கெட்டதும் இரண்டு முகத்துக்கும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. வித்தியாசமே இல்லை.

ஹேமநாத் கணக்கை வாங்கி மேலும் கீழும் பார்த்தான். "அப்போ அபிதாக்காவும் உங்கள மாதிரிதானா, அண்ணி?"

ஆமாம் என்றாள் ஜோதி, சந்தோஷமாக. சொல்கிறவள் சொல்வது வேறு, கேட்கிறவன் எடுத்துக்கொள்வது வேறு என்பதற்கு மேடத்தின் பாடத்தில் அத்தியாயம் இல்லை.

ராத்திரிக்குள் சேதி தெரு முழுக்கப் போயிற்று. மறுநாள் காலை எதிர்வீட்டிலிருந்து கிட்டுவின் தணிந்த குரல் கேட்டது. "கோவிச்சுக்காத அபிதா. நான் போற வரைக்கும் கொஞ்சம் பின்கட்டுல இரு. டேட்டா அப்படி வந்திருக்காம்."

ஒருத்தியை வெளியே கொண்டுவரப் போய் இன்னொருத்தியையும் உள்ளே தள்ளியாயிற்று. ஜோதி கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுப் பின்கட்டுக்கு ஓடி, தான் சொன்னது அதுவல்ல, யார் முகத்திலும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன் என்று அழாத குறையாகச் சொன்னாள். அபிதகுஜாம்பாள் முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து வெளிய வா, வெளிய வான்னாங்க. இப்ப உள்ள போங்கறாங்க. உனக்கு எங்கடி இருக்கணும்னு ஒரு பய கேட்டானா?"

எழுந்தாள். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கையில் கீரை முறம். அந்தத் தெரு முட்டுச்சந்து, வெளியே போக ஒரே வாய்தான். அந்த வாயில் நட்டநடுவே நாற்காலியைப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினாள்.

கேட்டுகளுக்குப் பின்னால் ஹெல்மெட் போட்ட ஆண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கிட்டு கெஞ்சினார். ஹேமநாத் வண்டியை அணைத்துவிட்டான். தண்ணீர் கேன் போடுகிறவன் மட்டும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னாக்கா, நடுரோட்டுல குந்திகினு கீற?"

"நீ ஓரமா போப்பா. சகுனம் பாக்கறவங்களுக்குத்தான் வழி இல்ல."

அவன் போனான். அவனுக்குப் பின்னால், செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, தன் வீட்டு முன்வாசல் வழியாகவே ஜோதி நடந்து வந்தாள். தாண்டும்போது அபிதகுஜாம்பாள் தலையை நிமிர்த்தவில்லை; முறத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள். தாம்பரம் பஸ்ஸில் உட்கார இடம்கூட இருந்தது.

சாமுண்டீஸ்வரி மேடம் வகுப்புக்குள் வந்தபோது ஜோதி முதல் வரிசையில் இருந்தாள். மேடம் கைக்கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீக்கிரமே வந்துட்டியே. ரிசல்ட் என்ன ஆச்சு?"

"தெருவுல சேர் போட்டுக் கீரை ஆயுது, மேடம்."