‘இது என்ன வகை?’ என்று ஸ்வீடிஷில் கேட்பது எப்படி

1

நான் எழுத நினைத்தது ஒரு நகைச்சுவைக் கட்டுரை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிப்பு வரவில்லை என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

இரண்டாயிரத்து மூன்று. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் மௌரீன் ஸ்வீடிஷ் வகுப்பு நடத்தினார். மௌரீன் லிங்கராஜபுரத்துக்காரர். ஸ்வீடனில் முதியோர் இல்லமொன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஸ்வீடனில் யாருடைய வாஷிங் மெஷின் நின்றுபோனாலும் இனி பெங்களூரிலிருந்துதான் பதில் சொல்வார்கள் என்று ஒரு கம்பெனி முடிவெடுத்திருந்தது. அதற்கு ஆள் தயார் செய்யும் வகுப்பு அது. மௌரீன் எனக்குப் பழக்கம் என்பதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க விட்டார். கீழே பன் வேகும் வாசனை, மேலே இருபது தமிழ், கன்னட, உருது நாக்குகள் ஸ்வீடிஷைப் போட்டு மென்றுகொண்டிருந்தன. எந்த எழுத்தாளன் சும்மா இருப்பான்?

முதல் வாரமே வந்துவிட்டது அந்தக் கேள்வி. “வா ஏ தே ஃபோர் ஸ்லாக்ஸ்” என்று ஆரம்பித்து, கடைசியில் எதைப் பற்றிக் கேட்கிறோமோ அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது என்ன வகை ரொட்டி, என்ன வகைத் தேநீர், என்ன வகை மெஷின், என்ன வகைப் பழுது. ‘போன் எடுத்தா முதல்ல இதுதான் கேக்கணும், வகை தெரியாம எதையும் சரிபண்ண முடியாது’ என்றார் மௌரீன். எல்லோரும் கோரஸாகச் சொன்னார்கள். சத்தமாகச் சொன்னவள் ஷோபா.

2

ஷோபாவை எப்படி அறிமுகப்படுத்துவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எழுதி அடித்ததையும் இங்கே விட்டுவைக்கிறேன்.

“ஷோபா கண்ணாடி முன்னால் நின்று தன் கூந்தலை” (வேண்டாம். பெண் என்றால் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ.)

“உலகமயமாக்கலின் வாசலில் நின்ற ஒரு தலைமுறையின்” (இது கருத்தரங்கில் படிக்க. சமோசா தருவார்கள்.)

“பெங்களூரில் வீடு தேடுகிறவர்களுக்கு” (ஆம். இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இந்த வாக்கியத்தை முடிக்கிற அளவுக்கு அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.)

நேராகவே சொல்கிறேன். ஷோபா ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இல்லை. அம்மா எல்லம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து, பெஞ்சு துடைத்துத் துடைத்து இரண்டு முட்டியும் போனவர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வேலைக்குப் பக்கத்தில், படி ஏறாத ஒரு கீழ்வீடு வேண்டும். இவ்வளவுதான் கதையின் தேவை. இதைவிடச் சின்னத் தேவை உள்ள கதாநாயகியை நான் எழுதியதே இல்லை.

அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தம். ஞாயிற்றுக்கிழமை விகாரைக்குப் போவார்கள், வைகாசி பௌர்ணமிக்கு வெள்ளை உடுத்துவார்கள். (தமிழ் பேசும் பௌத்தர்களா என்று புருவத்தை உயர்த்துகிறவர்கள் கன்டோன்மென்ட் பக்கம் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமில்லை.)

3

வீடு தேடும்போது வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஆனால் அதை யாரும் நேராகக் கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம். சொந்த ஊர் எது என்பார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். வெஜ்ஜா நான்வெஜ்ஜா, குலதெய்வம் எது, தாத்தா என்ன வேலை பார்த்தார். கடைசியில், பொறுமை போனால், “நீங்க என்ன ஆளுங்கம்மா?”

வகுப்பில் லாயிட் என்ற பையன் ஒருநாள் சந்தேகம் கேட்டான். ரொட்டிக்குக் கேட்கிற மாதிரி மனுஷனுக்கும் கேட்கலாமா? மௌரீன் கொஞ்சம் யோசித்தார். கேட்கலாம், “வா ஏ தூ ஃபோர் ஸ்லாக்ஸ் மென்னிஷா” என்றால் நீ என்ன வகை மனுஷன் என்று அர்த்தம். ஆனால் சும்மா கேட்க முடியாது, மன்னிக்கவே முடியாததை ஒருத்தன் செய்துவிட்டால்தான் அவன் முகத்துக்கு நேராக அப்படிக் கேட்பார்கள் என்றார்.

ஷோபா அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “இங்க வீடு பாக்கப் போனாலே கேக்கறாங்க” என்றாள்.

என் நகைச்சுவைக் கட்டுரை அந்த இடத்தில் செத்துப்போனது.

4

ஈஜிபுராவில் ஒரு கீழ்வீடு காலி என்று போர்டு தொங்கியது. வீட்டுக்காரர் வெங்கடசாமி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையாகப் பேசுகிறவர், தமிழும் தெரிந்தவர். (அவர் என்ன ஆள் என்று நான் எழுதப் போவதில்லை. தேடாதீர்கள்.)

பஸ்ஸில் போகும்போதே ஷோபா அம்மாவுக்குப் பாடம் எடுத்தாள். எது கேட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே, உட்கார், சிரி, தண்ணீர் கொடுத்தால் குடி. எல்லம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஷோபா நன்றாகத்தான் சமாளித்தாள். ஊர் வேலூர்ப் பக்கம் என்றாள், பொய் இல்லை. பெங்களூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டதால் ஊரில் யாரும் இல்லை என்றாள், அதுவும் பொய் இல்லை. ஸ்வீடிஷ் வேலை என்றதும் வெங்கடசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கே ஒரு வார்த்தை பேசிக் காட்டு என்று கேட்டு ரசித்தார். மனைவியைக் கூப்பிட்டு, காபி போடச் சொன்னார். வீடு கிடைத்துவிட்டது என்று ஷோபா நினைத்தாள். நானும் முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன்.

அப்போதுதான் எல்லம்மா ஹாலின் மூலையைப் பார்த்தார்.

அங்கே கண்ணாடி மேஜைமேல் ஒரு புத்தர் தலை. பக்கத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீர் கொட்டும் சின்ன நீர்வீழ்ச்சி. வாஸ்துவுக்கு நல்லது என்று மருமகள் எக்ஸிபிஷனில் வாங்கி வைத்த ஷோ பீஸ். எல்லம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அவர் எழுந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்துப் பிடித்துத் தரையில் மண்டியிட்டார். கைகூப்பி, “புத்தம் சரணம் கச்சாமி” என்று மூன்று முறை, விகாரையில் சொல்வதுபோல, சத்தமாகவே சொன்னார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வெங்கடசாமியின் மனைவியிடம் கேட்டார்.

“நீங்களும் நம்ம ஆளுங்கதானாம்மா? இந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு.”

வாழ்நாள் முழுக்கத் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை முதல்முறையாக அந்த அம்மா திருப்பிக் கேட்டார், அதுவும் சந்தோஷத்தில். வெங்கடசாமியின் மனைவி காபி டம்ளரோடு அப்படியே நின்றார். வெங்கடசாமி தரையைப் பார்த்தார். பிறகு ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. ஓசூர்லருந்து என் தங்கச்சி மகன் இதே வீட்டுக்கு வரேன்னு இப்பத்தான் போன் பண்ணான். ஸ்வல்ப முன்னாடி வந்திருக்கலாம் நீங்க.”

அவர்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கப் போன் அடிக்கவே இல்லை. காபியும் கைக்கு வரவில்லை.

5

நான் அங்கே இல்லை. எல்லாம் ஷோபா சொன்னது. அதனால் எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பேக்கரி வாசலில் நின்றபடியே படித்தாள். கோபத்தோடு திருப்பிக் கொடுத்தாள்.

முதலாவது, புத்தர் கல் இல்லை, ஃபைபர். (என் பிரதியில் கருங்கல்லாக இருந்தது. கருங்கல்லுக்கு ஒரு கனம் இருக்கிறதே என்று நினைத்தேன்.) இரண்டாவது, தலை மட்டும்தான் இருந்தது, உடம்பு இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். பஸ்ஸில் எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. நானே படித்துக் கண் கலங்கினேன்.

“எங்கம்மா அழல. நீங்க எதுக்கு அழ வெக்கறீங்க? அழுதாத்தான் உங்காளுங்க படிப்பாங்களா?”

உங்காளுங்க என்று அவள் சொன்னது வாசகர்களைத்தான் என்று நினைக்கிறேன். உங்களைத்தான். பத்தியை அடித்துவிட்டேன்.

பஸ்ஸில் எல்லம்மா நிஜமாக என்ன செய்தார் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாராம். தன்னால்தான் வீடு போயிற்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது. டொம்லூர் தாண்டியதும் ஒரே ஒரு வார்த்தை பேசினாராம்.

“பாவம்டி, அவர மட்டும் அங்கியே விட்டுட்டு வந்துட்டமே.”

6

பத்திரிகை ஆசிரியர் பெருமாள்சாமிக்குக் கதையை அனுப்பினேன். நல்ல மனிதர், இருபது வருடமாகக் கைக்காசைப் போட்டுப் பத்திரிகை நடத்துகிறார். போன் செய்தார்.

“கத நல்லாருக்குங்க. ஆனா இது என்ன வகைக் கதைன்னு எனக்குத் தெரியணும். தலித் சிறப்பிதழ்ல வெக்கறதா, ஐ.டி. சிறப்பிதழ்ல வெக்கறதா?”

கதை என்று வையுங்களேன் என்றேன். அப்படி ஒரு சிறப்பிதழ் இல்லையே என்றார். கொஞ்ச நேரம் இருமினார். அப்புறம், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வாசகர் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும், நீங்கள்… என்று இழுத்தார்.

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனை வைத்துவிட்டேன். நீங்களும் இதை இரண்டாம் பகுதியிலேயே கேட்டிருப்பீர்கள். இதை எழுதுகிறவன் அவர்களில் ஒருவனா, இல்லை வெளியிலிருந்து பரிதாபப்படுகிறவனா? பதிலுக்கு ஏற்ற மாதிரிதானே என் கோபத்தை ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வீர்கள். அந்த வசதியை நான் உங்களுக்குச் செய்துதரப் போவதில்லை.

7

முடிவுகள்.

(அ) வாசல்வரை போன ஷோபா திரும்பி நின்று, வெங்கடசாமியின் முகத்துக்கு நேராக, தெளிவான ஸ்வீடிஷில், நீ என்ன வகை மனுஷன் என்று கேட்கிறாள். கைதட்டல். இதை எழுதி முடித்து ஒரு சிகரெட்டும் பிடித்தேன். ஷோபா படித்துவிட்டுச் சிரித்தாள். “நான் தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த வீடும் அந்தத் தெருவுலதான் பாக்கணும்” என்றாள். வெங்கடசாமி செய்ததைவிட எனக்கு அந்தத் தேங்க்ஸ் சார்தான் அதிக ஆத்திரம் தருகிறது.

(ஆ) மௌரீன் வீட்டுக் கீழ்ப்பகுதி காலியாக இருக்கிறது, அவர் ஷோபாவுக்குக் கொடுக்கிறார். நிஜமாகவே காலியாகத்தான் இருந்தது. ஷோபா நிஜமாகவே கேட்டாள். மௌரீன் கையைப் பிசைந்தார். வீடு தன் பேரில் இல்லை, அண்ணன் பெர்னார்ட் பேரில் இருக்கிறது, சர்ச் குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார் என்றார். மறுநாள் வகுப்பில் ஷோபாவின் உச்சரிப்பை வழக்கத்தைவிட அதிகமாகப் பாராட்டினார். (மௌரீனை இந்தக் கதையில் நல்லவராகவே வைத்திருக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை.)

(இ) “எல்லம்மா தனியாக ஈஜிபுராவுக்குப் போய் அந்தப் புத்தரை” (இல்லை. சினிமா.)

மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்கு முடிவு எழுத வரவில்லை, எழுதவும் மாட்டேன். மாதக் கடைசி வந்துகொண்டிருக்கிறது. வெங்கடசாமி வீட்டில் போர்டு அப்படியே தொங்குகிறது, ஓசூரிலிருந்து யாரும் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்காவது சொந்த வீடு இருக்கும். கீழே ஒரு போர்ஷன் காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் உங்கள் கேட்டைத் திறப்பார்கள். ஒருத்தி இளம்பெண், இன்னொருவர் மெதுவாக நடப்பார். அம்மாவை வாயைத் திறக்கக் கூடாது என்று இந்தமுறை இன்னும் கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டி வந்திருப்பாள். எல்லம்மாவும் உங்கள் ஹாலில் எதையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். நாற்காலி போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். பிறகு நீங்கள் பேச வேண்டிய முறை வரும். அவர்கள் இரண்டு பேரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சொல்லுங்கள்.